எங்கள் வீட்டுப் பச்சை வாளி

என் மனைவி மௌத்தாகி எங்களை விட்டுப் போன வருடத்தில்தான் எங்கள் ஊர்ச் சபை வீடு வீடாகப் பச்சை வாளி கொடுக்கத் தொடங்கியது. திண்மக் கழிவுப் பிரிவில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த என்னை அந்த வேலைக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். அவள் நோயில் விழுவதற்கு முன்பே அதற்கான கூட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அவளுக்காக ஏழாம் நாள் கத்தம் ஓதிய பிறகு நான் சபைக் கந்தோருக்குத் திரும்பியபோது, லொறியில் வந்து இறங்கிய வாளிகள் பின்பக்கக் கொட்டிலில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி கிடந்தன. யாரும் தொட்டிருக்கவில்லை. மேசையில் உட்காராமல் நேரே அங்கே போய் அவற்றைப் பிரித்து வைக்கத் தொடங்கினேன். எல்லோரும் என்னைப் பார்த்து, நல்ல மனத்தைரியம் உள்ள ஆள் என்று பேசிக்கொண்டார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் வீடுகள் நெருக்கம். ஒரு வளவுக்குள் மூன்று வீடு, நான்கு வீடு. குழி வெட்டிக் குப்பை புதைக்க யாருக்கும் இடமில்லை. எல்லாம் டிரக்டரில் ஏறி, வயல்களுக்கு அப்பால் உள்ள மேட்டில் கொட்டப்படும். அங்கே யானைகள் வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்னும். வெயில் காலத்தில் அந்த மேடு தானாகவே பற்றிக்கொள்ளும். மேற்கிலிருந்து கச்சான் காற்றடித்தால் அந்தப் புகை ஊருக்கே திரும்பி வரும்.

நான் வீட்டு வாசல்களில் நின்று சொல்ல வேண்டியது இதுதான்: சோறு, கறி, மீன்தலை எல்லாம் பொலித்தீனுக்குள் காற்றுப் படாமல் அழுகினால் மெதேன் என்ற வாயு கிளம்பும், உலகம் சூடாகிறதற்கு அதுவும் ஒரு காரணம், உக்கும் குப்பையை இந்த வாளியில் தனியாகப் போட்டுத் தந்தால் சபை அதைப் பசளையாக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. என் வாய் சொல்லிக்கொண்டிருக்கும். நான் சற்றுத் தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சிலர் வாளியை வாங்கிக்கொண்டு, "மகளுக்கு அல்லாஹ் பொறுமையைக் குடுக்கட்டும்" என்பார்கள். எங்கள் ஒரே மகள் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் "ஆமீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

ஒரு பாடசாலை மண்டபத்தில் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து கேட்டாள். "சேர், மிஞ்சாமச் சமைச்சா இந்த வாளியே தேவல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள். "நல்ல கருத்து" என்றேன்.

நான் இருந்த வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய மூத்த சகோதரி, என் மச்சி, தன் கணவரோடு இருந்தா. ஆண் பிள்ளைகள் கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மௌத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்கள்தான் சாப்பாடு தருவார்கள். மூன்று நாள் முடிந்தும் மச்சி விடவில்லை. காலையில் இடியப்பம் அல்லது பிட்டு, பகலுக்குச் சோறு, இரவுக்குச் சோறும் மீன் போட்ட புளியாணமும் ஏதாவது பொரியலும். பீங்கான் தட்டை மூடி, வேலிக் கடப்பைத் தாண்டி வந்து, முன் விறாந்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவா. "மச்சான், சூட்டோட தின்னுங்க" என்பா. "ஓம் மச்சி" என்பேன்.

சூடு ஆறுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். சாப்பிட வேண்டும் என்று நினைப்பேன். கை போகாது. அழுகையும் வரவில்லை. வாய்க்குள் வைத்தால் சோறு சோறாகவே இருக்கும், விழுங்க ஒரு காரணம் தோன்றாது. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போதுமாக இருந்தது. முதலில் மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அது நிறைந்தது. பிறகு காகத்துக்குப் போட்டேன். பிறகு வாளிக்குள் கொட்டத் தொடங்கினேன். முன்மாதிரிக்காக எங்கள் சின்ன ஒழுங்கையின் வீடுகளில் முதல் வாளியை என் வீட்டில்தான் வைத்திருந்தார்கள். கொட்டும்போது குற்றமாகவும் படவில்லை. மூடியை இறுக்கிவிட்டுக் கைகழுவிக்கொள்வேன்.

எங்கள் ஒழுங்கைக்கு வரும் டிரக்டரில் பக்கத்து ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த ஒருவர் நெடுங்காலமாகக் குப்பை அள்ளும் வேலை செய்தார். அதிகம் கதைக்காதவர். ஒருநாள் காலையில் நான் கந்தோருக்குப் புறப்பட்டபோது கேற்றடியில் நின்றார்.

"சேர், ஒண்டு சொல்லணும். பிழையா நினைக்கப்படாது."

"சொல்லுங்க."

"இந்த ஒழுங்கையில உங்கட வாளிதான் கூடப் பாரம். ஏழெட்டுப் பேர் இருக்கிற வீட்டுலயும் இவ்வளவு வாறல்ல."

"ஓம்."

"சோறு அப்பிடியே கிடக்கு. கை வச்ச மாதிரியும் இல்ல." அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே டிரக்டரைத் திரும்பிப் பார்த்தார். "மத்தவங்க கதைக்கிறாங்க. சபைச் சேர் வீட்டுலயே இப்பிடியாம் எண்டு. அதுக்காக நான் சொல்லல்ல. நீங்க சாப்பிடுறல்லையா?"

"சாப்பிடுறன்."

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார். அன்று முழுக்க நான் அதைப் பற்றி நினைக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அன்றிரவும் வாளிக்குள்தான் கொட்டினேன்.

மச்சிக்குத் தெரிய வந்தது ஒரு விடுமுறை நாளில். டிரக்டர் வந்த சத்தம் கேட்டு அவ தன்னுடைய வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தா. நானும் கேற்றடியில் நின்றேன். பாண்டிருப்புக்காரர் அன்றைக்கு வரவில்லை, புதிதாக ஒருவர். என் வாளியை அப்படியே டிரக்டர்ப் பெட்டியில் கவிழ்த்தார். பிட்டு குழல் வடிவம் உடையாமல் விழுந்தது. அதன்மேல் முந்தின இரவுச் சோறு, அதன்மேல் புளியாணத்தில் போட்ட மீன் துண்டுகள். ஒரு துண்டும் முள்ளெடுக்கப்படவில்லை.

மச்சி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றா. டிரக்டர் நகர்ந்து போன பிறகுதான் கதைத்தா.

"மீன் பழசா இருந்திச்சா மச்சான்?"

"இல்ல மச்சி."

"உப்புக் கூடிட்டா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்திச்சி."

"திண்டு பாத்தாத்தானே நல்லமா இல்லையாண்டு தெரியும்."

மெதேன் பற்றி நான் சொல்லிப் பழகிய வாசகம் வாய் நுனியில் வந்து நின்றது. நல்லவேளை, அதைச் சொல்லவில்லை. அவ வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

அன்று பகல் சாப்பாடு வரவில்லை. இரவும் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அடுத்த நாள் மாலை மஃரிபு தொழுதுவிட்டு வந்தபோது மச்சி வெறுங்கையோடு விறாந்தையில் உட்கார்ந்திருந்தா.

"நான் தங்கச்சிக்கும் சேத்துத்தான் அரிசி போடுறன்" என்றா. "போடக்குள்ளயே தெரியும், அவ இல்லையெண்டு. கை குறைக்குதில்ல. அதத்தான் ஒங்களுக்குக் கொண்டு வந்து தந்தன். இப்ப அதுவும் குப்பைக்குத்தான் போயிருக்கு."

நான் எதிரே இருந்தேன். "எனக்குப் பசிக்கிறல்ல மச்சி" என்றேன். மனைவி போன பிறகு யாரிடமும் உண்மையாகச் சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"எப்ப இருந்து?"

"அவ போன அண்டையில இருந்து."

அவ அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தா.

"இனிப் பீங்கான் வராது. ராவைக்கு நீங்க அங்க வாங்க. பசிக்காட்டிச் சும்மா குந்தியாவது இரிங்க. நான் பாத்துக் கொஞ்சமா வச்சித் தாறன்."

அப்படித்தான் இரவுச் சாப்பாடு அங்கே மாறியது. மச்சியின் கணவர், என் சகலன், தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். மச்சி அளக்கும் அரிசியில் சுண்டு குறைத்துச் சமைத்துப் பழகினா. முதலில் சில நாள் சோறு குழைந்துபோனது, பிறகு ஒருநாள் போதாமல் போய் அவ கடைப் பாண் தின்றா. எனக்கு வைத்த கொஞ்சத்தை நான் தின்று முடித்தேன். ருசிக்காகத் தின்றேன் என்று சொல்லமாட்டேன். மூன்று பேர் தின்னும்போது ஒருவர் மட்டும் தின்னாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது.

திட்டம் ஒருமாதிரி ஓடியது. எங்கள் ஒழுங்கைகளில் மக்கள் ஒழுங்காகப் பிரித்துத் தந்தார்கள். சந்தைப் பக்கம் சரிவரவில்லை. அங்கே பச்சை வாளிகளில் மீன் விற்றார்கள். டீசல் கிடைக்காத நாட்களில் டிரக்டர் நின்றது, சனம் பழையபடி கடற்கரையில் கொட்டியது. ஆனாலும் மேட்டுக்குப் போகும் சுமை குறைந்தது, அந்த வெயில் காலத்தில் புகையும் குறைவுதான். முதல் பசளை அரித்து வந்தபோது வயற்காரர்கள் இருவர் வந்து கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். சபையில் என்னைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். சிரித்தது நினைவில்லை.

அதற்கும் பல மாதங்களுக்குப் பிறகு அம்பாறையில் உள்ளூர்ச் சபைகளுக்கான காலநிலைப் பயிற்சி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். சிங்களத்தில் விரிவுரை, ஒருவர் தமிழில் மொழிபெயர்த்தார். பச்சைவீட்டு வாயுக்களைச் சபைகள் எப்படிக் கணக்கெடுப்பது என்று நீண்டுகொண்டே போனது. பகல் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. முன்வரிசையில் யாரோ சோற்றுப் பார்சலை அவசரப்பட்டு அவிழ்த்துவிட்டார். வாழையிலையும் பருப்பும் பொரித்த மிளகாயும் கலந்த வாசம் வந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்த பெண் அதிகாரி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. வெட்கமாகிவிட்டது. என்ன இது என்று ஒரு கணம் புரியவேயில்லை.

பார்சல்கள் பின்வரிசையில் இருந்த எனக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அதுவரை நான் பார்சல்களைக் கொண்டு வரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.