ஏழு மரக்கறியும் என் பொய்யும்

இலண்டன் கிங்ஸ்பரியில் எனக்குக் கிடைத்தது ஓர் அறையும் பொதுக் குசினியும். அகதி வழக்கு முடியும்வரை வேலைக்குப் போக முடியாது. ஊருக்குப் போவதென்றால் வழக்கையே கைவிட வேண்டும். முப்பத்தெட்டு வயதில், முடிவுக் கடிதம் வருமென்று கடிதப்பெட்டி திறக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். எனக்கு வந்த எரிச்சலில் சுவரையே கடித்திருப்பேன்.

அந்த வீட்டில் என் கதவைத் தட்டிய ஒரே ஆள் எதிர் அறை மொரோக்கோக்காரி. அவளுக்கும் வழக்கு. என்ன வழக்கென்று நான் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் அவளுடைய ஊரான ஃபெஸ் நகரத்தைச் சுற்றி வந்தோம். அங்கே ஒழுங்கைகள் எவ்வளவு ஒடுக்கமென்றால், சுமையோடு கழுதை வந்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டுமாம். பச்சைத் தேயிலையில் ஒரு பிடி புதினாவும் கை கூசாமல் சீனியும் போட்டு, கேத்தலை உயர்த்திச் சின்னக் கிளாசில் நுரை பொங்க ஊற்றுவாள். நுரை இல்லாத தேநீரை விருந்தாளிக்குக் கொடுத்தால் மானம் போய்விடும் என்பாள்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்குக் கூஸ்கூஸ் நாள். மத்தியானத் தொழுகை முடிந்ததும் வீடு முழுக்க ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும். ரவையை எண்ணெயும் தண்ணீரும் தெளித்துக் கையால் உதிர்த்து, நாங்கள் புட்டு அவிப்பது போல ஆவியில் மூன்று தரம் அவிப்பாள். அதைக் குவித்து, மேலே கரட், பூசணி, முட்டைக்கோவா என்று ஏழு மரக்கறி அடுக்கி, நடுவில் ஆட்டிறைச்சி வைப்பாள். அவரவர் தம் பக்கத்தில்தான் சாப்பிட வேண்டும். நடுவிலுள்ள இறைச்சியைக் கடைசியில் வீட்டுக்காரி பங்கிடுவாள்.

அங்கேதான் நான் மாட்டினேன். ஊரிலிருந்தே அம்மா, இங்குள்ள வெஸ்ட் ஈலிங் கோயில் அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். "கேஸ் முடியுமட்டும் வெள்ளிக்கிழமையில மச்சம் மாமிசம் தொட்டிடாதை பிள்ளை" என்று போனில் அழுதும் விட்டார். முதல் வெள்ளி மத்தியானம் அவள் தட்டோடு வந்தபோது, இறைச்சி வேண்டாமென்றால் இனிக் கதவைத் தட்டமாட்டாளோ என்று பயந்து, விரதம் என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "சூரியன் மறையும் வரைக்குமா?" என்று கேட்டாள். நானும் பெரிய பக்தை மாதிரித் தலையாட்டிவிட்டேன்.

சூரியன் மறைந்ததும் பேரீச்சம்பழத்தோடும் அதே தட்டோடும் வந்து நின்றாள். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதுதான் நடந்தது. அவள் பகல் முழுக்கக் குசினியில் நின்றதால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நான் அந்தப் பக்கம் போக முடியவில்லை. தையில் நாலரை மணிக்கு இருட்டியது, மாசியில் ஐந்தரைக்கும் வெளிச்சமாக இருந்தது. இலண்டனில் பகல் நீளுவதை வயிற்றால் அளந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாலையில் அவள் என் பக்கம் தள்ளும் இறைச்சியைக் கடதாசியில் சுற்றி ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன். மரக்கறியிலும் இறைச்சிச் சாறு ஊறித்தான் இருந்தது. அம்மன் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கமாட்டா என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஏழாவது வெள்ளிக்கு அடுத்த நாள், வாஷிங் மெஷினிலிருந்து என் உடுப்பை எடுத்து வைத்தவள், ஸ்வெட்டர் பைக்குள் கிடந்து நைந்துபோன கடதாசிப் பொட்டலத்தோடு வந்தாள். கோபப்படவில்லை. கையை விரித்துக் காட்டி, "இந்தக் கை உனக்கு அசுத்தமா?" என்று கேட்டாள்.

சிலருக்குத் தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் குவளையில் குடித்தவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது. நேர்த்தி, அம்மா, வழக்கு, நான் சொன்ன பொய் என்று எல்லாவற்றையும் அழுதழுது கொட்டிவிட்டேன்.

"அப்ப நீ மத்தியானம் சாப்பிட்டிருக்கலாமா?"

"ஓம், மரக்கறி சாப்பிடலாம்."

அவள் கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டாள். "எதிர் அறையில் நீ பட்டினி கிடக்க, எனக்கு எப்படித் தொண்டைக்குள் இறங்கும்? ஏழு வெள்ளியும் பொழுதுபடும்வரை நானும் சாப்பிடவில்லை" என்றாள்.

அடுத்த வெள்ளி மத்தியானம் தட்டில் ஏழு மரக்கறி மட்டும் இருந்தது. கூட மோரும் வைத்திருந்தாள். நான் முதல் வாய் எடுத்தபோது கீழே கடிதப்பெட்டி திறந்து மூடியது. அவள் கரண்டியை வைத்துவிட்டு எழும்பினாள். எங்கள் இருவரில் ஒருவருடைய வழக்கின் முடிவாக இருக்கலாம். ஆனாலும் அவள் கையைப் பிடித்து இருத்தினேன்.

"முதல்ல சாப்பிடு" என்றேன்.