மாலதி அக்கா வீட்டுக் கதவு

பீடோர் பக்கத்தில், ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான ஏரி; அதன் நடுவே ஒரு திட்டு. எங்களோடு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த மாலதி அக்கா, அதில் தன் கையாலேயே வீடு கட்டிவிட்டார். பழைய பஸ் கண்ணாடிகள்தான் ஜன்னல். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்து, பிறகு இடித்துவிட்ட லயத்து வரிசை வீடுகளின் தகரம்தான் கூரை. பால் காய்ச்சும் அன்று தோட்டத்து ஆட்கள் எல்லாரும் படகில் போய் இறங்கினோம்.

கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, வாசலிலேயே வரிசையாக நின்றுவிட்டோம்.

அக்கா எட்டிப் பார்த்தார். “என்ன லா, பால் பொங்கப் போவுது, உள்ள வாங்க!”

அப்போதுதான் கதவைக் கவனித்தேன். அதே பச்சைச் சாயம், அதே பித்தளைக் கைப்பிடி. எங்கள் தோட்டத்துத் துரையின் ஆபிஸ் கதவு! எங்களில் யாரும் அதைத் தாண்டி உள்ளே போனதில்லை. இன்று ஈப்போவில் நானே ஓர் ஆபிஸ் நடத்துகிறேன். என் கால்களுக்கு அது தெரியவில்லை.

“வேணும்னேதானே இதக் கொண்டாந்து வச்சீங்க அக்கா?”

“நல்ல பலகை தம்பி, விட மனசு வரல. பூட்ட மட்டும் கழட்டி ஏரியில போட்டுட்டேன் லா.”

சிரித்தபடி முட்டி மோதிக்கொண்டு நுழைந்தோம். அன்று பொழுது சாயும்வரை, ஒரு வேலையும் இல்லாமல், நான் அந்தக் கதவு வழியாக வெளியே போய்ப் போய் உள்ளே வந்தேன்.