ஆடிக்கு முன் போட்ட சாலை

என் தங்கை கண்ணை மூடி ஓராண்டு நிறைகிறது. முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவுமுறையாருக்கும், வார்டு சனங்களுக்கும், பஸ் மாறி வந்திருக்கும் சம்பந்திமாருக்கும் அக்காளாகிய நான் கைகூப்பி எழுதுவது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். கூட்டிக் கூட்டி எழுதியதை அச்சகத்தில் திருத்திக் கொடுத்தார்கள். ஊருக்கு அவர் கவுன்சிலரம்மா, எனக்குத் தங்கை. அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சேலத்தில் எங்கள் தறிக்காரச் சந்தில், இப்போது நான் குடியிருக்கும் இதே வீட்டில்தான் அவள் பிறந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். இடையில் பிறந்த மூன்று பேரும் தங்கவில்லை. அம்மாவுக்கு எந்நேரமும் தறிவேலை. ஆகவே தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தது நான்தான். இடுப்பில் இருந்தாலும் சும்மா இருக்க மாட்டாள், காலை உதைத்துக்கொண்டே இருப்பாள். நடக்கத் தெரிந்த பிறகு அவளைப் பிடித்து ஓரிடத்தில் உட்கார வைத்தவர் எவரும் கிடையாது. கடைசியில் வந்த நோய்தான் உட்கார வைத்தது.

அப்பா போனபோது அவள் எட்டாவது படித்தாள். அதற்கு மேலும் இரண்டு வருஷம் பிடிவாதமாகப் பள்ளிக்கூடம் போனாள். காலையில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்ததும் மறுபடி சுற்றுவாள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தோம். தங்கமான மனுசர். இவள் ஓட்டத்துக்கு அவரும் பழகிவிட்டார். சோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டு அவளுக்கும் ஒரு தட்டில் மூடி வைப்பார். அது பாதி நாள் மூடியபடியே இருக்கும்.

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம், தெருப் பெரியவர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். நீ பேருக்கு நில்லு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவள் நின்ற நிலையிலேயே பதில் சொன்னாள்.

“என்னைய நிக்க வெச்சா நான்தானுங்க ஓடுவேன். எம் பேர்ல வேற ஆள் ஓடறதுன்னா, பேருக்கும் வேற ஆளப் பாத்துக்கங்க.”

அப்படியே நின்றாள், ஜெயித்தாள்.

அதற்குப் பிறகு அவளை வீட்டில் பார்த்தவர்கள் குறைவு. குடிதண்ணீர் விடும் நாளில் வால்வு திறக்கிற ஆளுக்கு முன்னால் இவள் போய் நிற்பாள். தெருவிளக்கு எரியாத கம்பங்களையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அவள் கண் மணமேடைக்குப் போகாது. பள்ளிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்காராமல் இவள் மண்டபத்துப் பின்பக்கம் போய்விட்டு வந்தாள். பெண் வீட்டு அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

“சமையக்கட்டுப் பக்கம் என்னங்க பாத்துட்டு வாரீங்க? சாப்பாட்டுல ஏதாச்சும் கொறையாங்க?”

“அய்யோ, சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. கை கழுவற தண்ணி எங்க போவுதுன்னு பாத்தேன். நல்லா வாட்டமா வெச்சிருக்கறாங்க.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

இவ்வளவும் அவள் பெருமை. இனி எழுதப்போவது என் தவறு. நினைவு மலரில் இதெல்லாம் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். எழுதாமல் விட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் சந்துச் சாலை அப்போது குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஆடிப் பண்டிகை என்றால் சேலத்தில் எந்த வீட்டிலும் விருந்தாள் இல்லாமல் இருக்காது. என் மகளைக் கட்டிக் கொடுத்த ராசிபுரத்துச் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாகப் பண்டிகைக்கு வர இருந்தார்கள். நான் தங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏ புள்ள, கவுன்சிலர் அக்கா ஊட்டுக்குச் சேத்துல கால வெச்சா வருவாங்க? ஆடிக்குள்ள ரோடு விழுகணும், ஆமா.”

“அக்கா, பழைய ரோட்டத் தோண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு இன்ஜினியர் சொல்றாருக்கா. தோண்டுனா ஆடி தாண்டிரும்.”

“ஊரெல்லாம் மேலாலயேதான் போடறாங்க. உனக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்? உன்னாலே முடியலைன்னா முடியலைன்னு சொல்லு.”

முடியலை என்கிற வார்த்தை அவளுக்கு ஆகாது. அது தெரிந்தே சொன்னேன். இரண்டு நாள் அலைந்தாள். பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை விழுந்தது. சந்து முனையில் அவள் பேர் பொறித்த கல் வைத்தார்கள். நான் அந்தக் கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சம்பந்தி வீட்டார் செருப்பில் மண் ஒட்டாமல் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த நிமிர்வை என்னவென்று எழுதுவது!

ஐப்பசியில் மழை பிடித்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் இருப்பது குழித்தறி. தரையில் குழி எடுத்து, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். வீட்டுக்குள் எங்கே தண்ணீர் வந்தாலும் அது போய்ச் சேருகிற இடம் அந்தக் குழிதான். புதுச் சாலை வாசல்படிக்கு மேலே ஒரு சாண் உயர்ந்துவிட்டது. சாலையில் விழுந்த மழையெல்லாம் படியிறங்கி வீட்டுக்குள் வந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் தறிக்குழி நிரம்பியது. நெய்துகொண்டிருந்த வெண்பட்டு வேட்டிகளில் சேற்றுத் தண்ணீர் ஏறியது.

சந்து திருப்பத்தில் இருக்கும் கந்தம்மா வாய்த்துடுக்கு உள்ளவள். நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் நின்றாள்.

“கவுன்சிலரம்மா, ரோடு நல்லாத்தானுங்க போட்டீங்க. குழியில என்ன மீனு விடலாம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

தங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கந்தம்மா வீட்டுக் குழிக்குள் இறங்கி வாளியால் இறைத்தாள். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்த வீடு. கந்தம்மாவே பதறிப்போய், “மேல வாங்க சாமி, நான் ஒரு வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன்” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க சொன்னது சரிதானுங்க. தப்பு என்னுது. நானே சரி பண்ணித் தாரேன்” என்றாள்.

என் பேரை அவள் சொல்லவில்லை. யாரிடமும், சாகும்வரை.

அடுத்த வாரமே ஆபீசுக்குப் போய், போட்ட சாலையை உடைத்துத் தாழ்த்திப் போட வேண்டும் என்று மனுக் கொடுத்தாள். அங்கிருந்தவர்களுக்குச் சிரிப்பு.

“உங்க பேர் போட்ட கல்லு நிக்குதுங்களே மேடம். உங்க ரோட்ட நீங்களே ஒடைக்கச் சொல்றீங்களா?”

“மொதல்ல அந்தக் கல்லப் பேத்துருங்க. அப்பறம் ரோட்ட ஒடைங்க.”

ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தாள். எத்தனை செருப்புத் தேய்ந்தது என்று மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சாலையோடு வாசல்படிகளையும் இடிக்க வேண்டியிருந்தது, வேலை முடியும்வரை தறியையும் நிறுத்த வேண்டும். ஆகவே எந்த வீட்டார் சம்மதக் கையெழுத்துப் போடுகிறார்களோ அந்த வீடுகளுக்கு முன்னால் மட்டும்தான் வேலை என்றார்கள்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தாள். நான் போட மாட்டேன் என்றேன்.

“எந் தங்கச்சி போட்ட ரோடு சரியில்லைன்னு நானே எழுதிக் குடுக்கறதா? நாலு பேரு சிரிக்கவா?”

“அக்கா, உங் குழியிலயும்தான் தண்ணி நிக்குது.”

“நின்னா நிக்குது. எறச்சுக்கறேன்.”

ஊற்றி வைத்த காப்பியைக் குடிக்காமல் போனாள். கவுன்சிலர் அக்காவே போடவில்லை, நமக்கென்ன என்று என்னை ஒட்டிய நான்கு வீட்டாரும் கையை மடக்கிக்கொண்டார்கள். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் எல்லோரும் போட்டார்கள். அவர்களுக்கு இயந்திரம் வந்து பழைய சாலை வரை தோண்டி எடுத்து, வாட்டம் பார்த்து, தாழ்வாகப் போட்டுக் கொடுத்தது. கந்தம்மா வீட்டுக்குள் அதன் பிறகு ஒரு சொட்டு வரவில்லை. பேர்க்கல்லை மறுபடி வைக்கத் தங்கை விடவில்லை. திருப்பத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஐந்து வீடும் அப்படியே நின்றுவிட்டோம். மறுபடியும் இரண்டு தடவை வந்து கேட்டாள். இரண்டு தடவையும் நான் அதையேதான் சொன்னேன்.

பிறகு வயிற்றில் நோய் வந்தது. நான்கு மாதம் படுக்கை. படுத்திருந்தாலும் கால் இரண்டும் அசைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால், போனை வாங்கி, தேறிவிட்டவள் போன்ற குரலில் பேசுவாள். கார்த்திகையில் ஒரு நாள் நல்ல மழை. நான் உள்ளே போனதும் கேட்டாள்.

“குழியில தண்ணி வந்துச்சாக்கா?”

“இல்ல கண்ணு. வரல.”

என் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அதைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மார்கழி பிறந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கந்தம்மாவை நான் மறக்க மாட்டேன். தூக்கி உட்கார வைத்த நர்சம்மாக்களையும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தம்பிமாரையும், முகம் சுளிக்காமல் எல்லாம் பார்த்த மாப்பிள்ளையையும், கடைசி நாளில் தறியை நிறுத்திவிட்டுச் சந்தே திரண்டு வந்ததையும் மறக்க மாட்டேன். எங்கள் குடும்பம் உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டது.

இந்த வருஷ மழையிலும் குழி நிரம்பியது. போன மாதம் நானே ஆபீசுக்குப் போனேன். வார்டுக்கு இன்னும் புதுக் கவுன்சிலர் வரவில்லை. ஐந்து வீட்டுக் கையெழுத்தும் ஒரே காகிதத்தில் வந்தால் மிச்ச வேலையை எடுப்பதாக இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். ஒன்று குறைந்தாலும் எடுக்க மாட்டாராம். நான் என் பேரை எழுதிவிட்டேன். அடுத்த இரண்டு வீட்டாரும் போட்டார்கள். மற்ற இரண்டு வீட்டார், திதி முடியட்டும் பார்க்கலாம் என்கிறீர்கள். போட வேண்டாம் என்று உங்களுக்கு வழி காட்டியவளே நான்தான். அதனால் கோபிக்க எனக்கு உரிமை இல்லை, கேட்க மட்டும் இருக்கிறது. இந்த மலர் உங்கள் கையில் வரும்போது திதி முடிந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். காகிதத்தில் இரண்டு வரி காலியாக இருக்கிறது.