ஷிமேயின் பச்சைப் பெட்டி

நெவென்காவுக்கு வாய் அதிகம் என்று எங்கள் துறைமுக ஊரான ஜாலுகாவில் சொல்லாத ஆள் கிடையாது. வாய் இல்லாமல் அவள் எப்படிப் பிழைத்திருப்பாள்? கப்பல் கட்டும் யார்டின் வெல்டிங் பட்டறையில் அத்தனை ஆண்களுக்கு நடுவே இரண்டே பெண்கள். இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். இவள் யார்டை இழுத்து மூடும்வரை நின்றாள். ஒல்லியான உடம்பு என்பதால், ஆண்களுக்குத் தோள் மாட்டிக்கொள்ளும் அடித்தட்டு இடுக்குகளுக்கெல்லாம் இவளைத்தான் அனுப்புவார்கள். வேலையை முடித்துவிட்டு முகமெல்லாம் கரியாக வெளியே வருவாள். "உள்ள தொட்டில் மாதிரி சுகமா இருக்கு, போய்ப் படுத்துக்கங்கடா" என்பாள்.

அவள் தம்பி ஷிமே நேர் எதிர். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவனும் வெல்டர்தான். அவனுடைய டூல்ஸ் பெட்டி பட்டறையிலேயே பெரியது. பச்சை வண்ணம், கனத்த தகடு, பூட்டுப் போட்டால் சுத்தியலுக்கும் அசையாது. அதனால்தான் பெரிய வேலைநிறுத்தத்தின்போது கிரேன்களின் சாவிகளை அதற்குள் வைத்துப் பூட்டினார்கள். கிரேன் அசையாவிட்டால் கப்பல் முடியாது. கப்பல் முடியாவிட்டால் நிர்வாகம் இறங்கி வந்தாக வேண்டும். பெட்டிக்கு ஒரே சாவி. அது ஷிமேயின் கழுத்தில் தொங்கியது.

ஒரு காலை கிரேன்கள் ஓடின. வெளியூர் ஆட்கள் மேலே உட்கார்ந்து ஓட்டினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் சாவிகள் இல்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஷிமேயைத் தவிர வேறு யார்? பேப்போ என்ற பழைய வெல்டர் எல்லார் முன்னாலும் அவன் காலடியில் காறித் துப்பினான். கப்பல் போனது, வேலைநிறுத்தம் தோற்றது, பட்டறையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள்.

"நான் எடுக்கல அக்கா" என்றான் ஷிமே. அதற்கு மேல் பேச அவனுக்கு வரவில்லை.

அவள் அவனைத்தான் நம்பியிருப்பாள். ஆனால் அன்று மாலை அதே பட்டறை வெல்டர் ரோகோ வந்தான். ரோகோ அவளுக்குக் கூம். கல்யாணத்தில் தோழனாக நின்றவனை, பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்தியவனை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்; பெண்ணானால் கூமா. உடன்பிறப்பு தானாக வருவது. கூமை நாமே பார்த்து, பீடத்துக்கு முன்னால் வரித்துக்கொள்கிறோம். கூம் பொய் சொல்வான் என்று நினைப்பதே பாவம் எங்களுக்கு. ரோகோ அவள் மகளின் தலைமேல் கை வைத்து, ஷிமே யார்டு இயக்குநரோடு கல்லறைச் சுவரோரம் பேசியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன வேண்டும்? தம்பியின் துணிமூட்டையைத் தெருவில் போட்டாள். அவன் இத்தாலிக்குப் போய்விட்டான். பெட்டி மட்டும் அவள் வீட்டு நிலவறையில் பழைய வலைகளுக்கு அடியில் முப்பது வருஷம் கிடந்தது.

இந்த வசந்தத்தில் ஓய்வுபெற்றோர் சங்கம் யார்டு நினைவாக ஓர் அறை திறப்பதென்று முடிவு செய்தது. சாவி வைத்த பெட்டி வேண்டும் என்றார்கள். துரோகம் நடந்த பெட்டி என்றால் கூட்டம் வரும், அதுதான் விஷயம். சங்கத் தலைவர் வேறு யார், ரோகோதான். பெட்டியைத் தானே புதுப்பித்துத் தருவதாக நெவென்கா சொன்ன சேதி கேட்டதும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எங்கிட்ட குடு கூமா, நான் ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுத்துடறேன்."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இந்த வயசுல எதுக்குச் சிரமம்? மேல மட்டும் துடைச்சுப் பச்சை அடி போதும். அடிப்பக்கத்தை விட்டுடு. தார் அப்படியே இருக்கட்டும், யார் குனிஞ்சு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்" என்றாள். அரைகுறை வேலை அவள் செய்ததே இல்லை. அந்த மனுஷனுக்கு இது தெரியாதா?

அத்திமரத்தடியில் பெட்டியைப் போட்டு வேலையை ஆரம்பித்தாள். கீல்களை மண்ணெண்ணெயில் ஊற வைத்தாள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கினாள். மூடியின் நெளிவைத் தட்டி நிமிர்த்தினாள். தம்பி மேல் இருந்த கோபம் தீரவில்லை. ஆனாலும் தகடு நல்ல தகடு, அதன்மேல் என்ன கோபம்? கடைசியில் பெட்டியைக் கவிழ்த்தாள். ஈரத் தரையில் நிற்கும் பெட்டிகளுக்கெல்லாம் அந்தக் காலத்தில் அடியில் தார் பூசுவோம். அதைச் சூடுகாட்டிச் சுரண்டினாள்.

தாருக்குக் கீழே ஒரு வெல்டிங் கோடு ஓடியது. திரும்பி இன்னொன்று. நான்கு கோடுகள். பெட்டியின் அடித்தகட்டைச் சதுரமாக வெட்டி எடுத்து, மறுபடி வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பூட்டைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பிரஷ்ஷை எடுத்துப் பளபளவென்று தேய்த்தாள். வெல்டிங்கின் அலைகள் எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் கம்பியை வெடுக்கென்று மேலே உதறியதில் சின்ன வால் ஒன்று சுருண்டிருந்தது. அவரவர் கையெழுத்து மாதிரி அவரவர் வெல்டிங். எங்கள் பட்டறையில் இடதுகைக்காரன் ஒருவன்தான் இருந்தான். அந்த வாலை வைத்து அவனைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. நொட்டாங்கை ரோகோ.

நெவென்கா பிரஷ்ஷைக் கீழே போட்டாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். என் பிள்ளை தலையில் கை வைத்தானே, என் பிள்ளை தலையில், என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் பெட்டியை வாங்கிப் போக ரோகோ வந்தான். கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பிறகு மெதுவாக வந்து கல்மேல் உட்கார்ந்தான்.

"அடியை விடுன்னு சொன்னேன்."

"எதுக்குடா செஞ்ச?"

"எப்படியும் தோத்திருப்போம் கூமா. இன்னும் ஒரு மாசம் இழுத்திருக்கும், அவ்வளவுதான். ஃபோர்மேன் வேலை தரேன்னாங்க."

"என் தம்பி?"

"யாரையாவது சொல்லித்தானே ஆகணும்? அவன் தனிக்கட்டை. எங்க போனாலும் பிழைச்சுக்குவான்." சுரண்டிப் போட்டிருந்த தாரைக் காலால் ஒதுக்கினான். "உன்னையும் அப்போ வீட்டுக்கு அனுப்ப இருந்தாங்க. நான்தான் பேசி நிறுத்தினேன். இத்தனை வருஷம் நீ சாப்பிட்டது யாரால?"

இதுதான் அவளைக் குத்திக் கிழித்தது. கூட இருந்தே குழி பறித்தவன், பறித்த குழியிலிருந்து அவளுக்கும் ஒரு பிடி மண்ணை அள்ளிச் சோறு என்று ஊட்டியிருக்கிறான். அவளும் ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவனுக்கு பன்றித்தொடை சுட்டு, சடைபோல ரொட்டி பின்னிக் கொடுத்திருக்கிறாள்.

"என்னைக் கூமான்னு கூப்பிடாத" என்றாள்.

"சரி. ஆனா மறுபடி தார் அடிச்சுடு நெவே. எல்லாரும் கிழடாயிட்டோம். யாருக்கு என்ன லாபம்?"

"எழுந்து போ ரோகோ." அவள் குரல் உயரவே இல்லை. ஊரையே கூட்டும் அந்த வாய் அன்று அவ்வளவுதான் பேசியது.

திறப்பு விழாவன்று சங்கத்து ஹாலில் கால் வைக்க இடமில்லை. நெவென்கா தள்ளுவண்டியில் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சுற்றிலும் புதுப் பச்சை. அடியில் மட்டும் வண்ணம் இல்லை. வெறும் இரும்பின் மேல் நிறமில்லாத வார்னிஷ். அந்த அடி மேலே தெரியும்படி தலைகீழாக வைத்தாள். ரோகோ பேசுவதற்கென்று காகிதத்தோடு எழுந்திருந்தான்.

"ஏன் நெவே கவுத்து வெச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே பேப்போ முதலில் வந்தான். குனிந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, வால்வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். பிறகு நகர்ந்து அடுத்தவனுக்கு வழி விட்டான். அந்த ஹாலில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் வெல்டர்கள். ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரோகோ காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்.

பேப்போ நெவென்காவிடம் வந்தான்.

"உன் தம்பி நம்பர் குடு. நான் அவன்கிட்ட பேசணும். இப்பவே."

"எங்கிட்ட இல்ல."

"கூடப் பிறந்தவ நீ. உங்கிட்ட இல்லேன்னா எப்படி?"

"முப்பது வருஷமா அவன் பேரையே இந்த வாய் சொல்லல பேப்போ. நம்பர் எப்படி இருக்கும்?"

பேப்போ ஹாலைப் பார்த்துத் திரும்பி, ஷிமே நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று உரக்கக் கேட்டான். அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.