முசிறி ஓடத்தில் வைத்த பொட்டு

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கார்த்திகை மாதம் நடந்தது இது. நான் பிறந்தது தொட்டியத்துப் பக்கம், வாழைத்தோட்டக்காரர் வீடு. வாழ்க்கைப்பட்டது திருச்சி உறையூரில், ஜவுளிக்கடைக்காரர் வீடு. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது. "இவ பேச்சு காவேரி மாதிரி, மேட்டூர்ல கதவை அடைச்சாத்தான் நிக்கும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் குளித்தலைக் கடம்பர், உச்சிவேளையில் ஐயர்மலைச் சொக்கர், அந்தியில் காவேரிக்கு வடகரையில் இருக்கும் ஈங்கோய்மலை நாதர், இந்த மூவரையும் ஒரே நாளில் தரிசனம் செய்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண். மூன்றாவது தரிசனம் முடிகிற வரை பட்டினி வேறு.

அந்த வருஷம் ஒருவர் இதற்கென்றே தனி பஸ் ஏற்பாடு செய்திருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிக்கொண்டால் தென்கரைக் கோயில்கள் இரண்டுக்கும் பஸ்ஸில் போகலாம். பிறகு குளித்தலையிலிருந்து முசிறிக்கு ஓடம். அக்கரையில் வேறு பஸ் காத்திருக்கும், அது ஸ்ரீரங்கம் வழியாகத் திருச்சிக்குக் கொண்டுவந்து விடும். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அவரே கூட வந்து தலபுராணமெல்லாம் சொன்னார். எல்லோரும் அவரைக் 'கைடு சார்' என்றுதான் கூப்பிட்டோம்.

நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும் போனோம். என் மாமனாருக்கு அந்த மழைக்காலம் முழுக்க மூச்சிரைப்பு. ராத்திரியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். அவருக்காகத்தான் மாமியார் இந்த வேண்டுதலை எடுத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் மாமியாரை நீங்கள் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

பஸ்ஸில் பெண்கள் முன்னாலும் ஆண்கள் பின்னாலும் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஏறக்குறைய என் வயதுப் பெண். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணனோடு வந்திருந்தாள். அரக்குக் கலரில் நூல் சேலை, முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தாள், நெற்றியில் விபூதிக் கீற்று. எனக்கு ஒரு முழம் பூவே தாராளமாகப் போதும், ஆனால் அன்றைக்கு என் தலையில் ஒரு கூடைப் பூ இருந்தது. அதில் கொஞ்சம் கிள்ளி அவளிடம் நீட்டினேன்.

"வேண்டாங்க. எனக்குப் பூ வாசனை ஆகாது, தலைவலி வந்துடும்."

"பூ வாசனை ஆகாத பொம்பளையை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றேன். அவள் சிரித்தாள். அதற்கு மேல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் புருஷனை இழந்தவள் என்றால் வெள்ளைச் சேலைதான். கலர் சேலை கட்டிச் சிரிக்கிற ஒரு பெண்ணின் கழுத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடம்பர் கோயிலிலிருந்து ஐயர்மலைக்குப் போவதற்குள் நாங்கள் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டோம். ஐயர்மலை செங்குத்தான மலை. பாதி ஏறுவதற்குள் வெறும் வயிற்றில் எனக்குத் தலை சுற்றியது. மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். இவள்தான் என்னை நிழலில் உட்கார வைத்து, முந்தானையால் விசிறி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கைடு சார் கீழே நின்று, இந்த மலைமேல் காக்கை பறக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தார். "காக்காயே ஏற மாட்டேங்குது, நம்மளை ஏறச் சொல்றாரு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மேலே போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்படி வாய்விட்டுச் சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க" என்றாள்.

அப்போதுதான் அவளுடைய வேண்டுதலையும் சொன்னாள். அவள் அண்ணிக்கு இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடியும் ஐந்து மாதம். அண்ணி மலையேற முடியாது. அதனால் அவளுக்காக இவள் வந்திருக்கிறாள். "மூணையும் முடிச்சுட்டு விபூதி கொண்டாந்து அவங்க வயித்துல பூசிட்டேன்னா எனக்குத் தூக்கம் வரும். அந்த வீட்டுல நான் உக்கார்ந்து சாப்பிடறேன். என்னால ஆனது இதுதானே" என்றாள். கல்யாணமானவள் என்று நானே முடிவுகட்டியிருந்த பெண் எதற்கு அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேட்கக்கூட எனக்கு அறிவில்லை. என் பேச்சைப் பேசவே எனக்கு நேரம் போதவில்லை.

வெயில் தாழ்ந்தபோது குளித்தலைத் துறைக்கு வந்து ஓடத்தில் ஏறினோம். ஆற்றில் நல்ல தண்ணீர். அக்கரை என் பிறந்த வீட்டுப் பக்கம் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. நடு ஆற்றில் என் மாமியார் மஞ்சளையும் பூவையும் காவேரிக்கு விட்டுக் கும்பிட்டார். பிறகு தன் வெள்ளிக் குங்குமச்சிமிழை என் கையில் கொடுத்தார்.

"ஓடத்துல இருக்கற சுமங்கலிங்க எல்லாருக்கும் குடும்மா. மாமாவை நெனைச்சுக்கிட்டுக் குடு" என்றார்.

அந்தச் சிமிழை அதுவரை நான் தொட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே போனேன். அவரவர் தொட்டு நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் என் தோழி. யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். குழந்தை விழித்துவிடும் என்று பார்க்கிறாள், கையை எடுக்க முடியவில்லை என்று நினைத்தேன்.

"அட, நானே வச்சு விடறேன்" என்று அவள் புருவ மத்தியில் பெரிதாக ஒரு பொட்டை அழுத்தி வைத்தேன். அதோடு விட்டேனா? கிழவி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு, "தீர்க்க சுமங்கலியா இரும்மா!" என்று ஆசீர்வாதமும் செய்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஓடத்தின் மறுகோடியில் அவள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஓடம் ஆடியது. "உக்காருங்க சாமி!" என்று ஓடக்காரர் சத்தம் போட்டார். "அம்மா... அது வந்து... என் தங்கச்சிக்கு..." அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவளைச் சுற்றியிருந்தவர்கள் விலகி உட்கார்ந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தையின் தாய் வந்து அவள் மடியிலிருந்த குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

"கலர் சேலையைக் கட்டிக்கிட்டு வந்தா யாருக்குத் தெரியும்?" என்றது ஒரு குரல்.

"நாள் கிழமையும் அதுவுமா..." என்றது இன்னொன்று.

தவறு செய்தவள் நான். பேச்சு முழுவதும் அவளுக்கு.

என் மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. கோபமில்லை, பயம். வீட்டில் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறுகிற மனிதர் அவர் கண்முன் வந்திருப்பார். என் கையிலிருந்த சிமிழைப் பிடுங்கி, மிச்சமிருந்த குங்குமத்தை ஆற்றில் கொட்டினார். "கையைக் கழுவு" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். பெரிய சிவப்புப் பொட்டோடு அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவுன்னு சொல்றேன்ல!"

நான் குனிந்து காவேரியில் கையைக் கழுவினேன். மலையில் அவள் பிடித்துத் தூக்கிவிட்ட அதே கையை, தீட்டுப்பட்டதைக் கழுவுவது மாதிரி, அவள் பார்க்கப் பார்க்கத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

"அழிச்சுடும்மா" என்று யாரோ அவளிடம் சொன்னார்கள். "அழிச்சுடறேங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. தெரியாம செஞ்சது. பூ குடுத்தப்பவே நான் சொல்லியிருக்கணும்" என்றாள். ஒரு கை தண்ணீர் அள்ளி நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் லேசில் போகிற பொருளா? அக்கரை சேர்ந்த பிறகும் அவள் நெற்றி சிவந்துதான் இருந்தது.

ஈங்கோய்மலை அடிவாரத்தில் இறங்கும்போது இன்னொரு பேச்சு கிளம்பியது. அவள் முன்னால் ஏறிப் போகக்கூடாது. எல்லோரும் ஏறிய பிறகு வரட்டும் என்றால், நாம் சாமி கும்பிட்டு இறங்கும்போது எதிரே வருவாளே, அது அதைவிடக் கெட்ட சகுனமாயிற்றே? விடிந்ததிலிருந்து ஓயாமல் பேசிய கைடு சார் விசிலைத் திருகிக்கொண்டு நின்றார். கடைசியில் அவள் அண்ணனிடம் போய், "எல்லாரும் எறங்கினப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க" என்று சமாதானம் சொன்னார்.

ஐந்து மாதமான அண்ணியும் அந்த விபூதியும் அவள் அண்ணனைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். 'நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காவேரி மாதிரிப் பேசுகிற வாய் அன்றைக்குத்தான் அடைத்துக்கொண்டது. மாமியாருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது கீழே மரத்தடியில் நின்று மலையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

மேலே கூட்டம். தரிசனம் முடித்துக் கடைசி ஆள் இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. சன்னதியும் சாத்தியாகிவிட்டது என்றார்கள். கைடு சார் விசிலை ஊதினார். எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். அவளும் ஏறினாள். சண்டை போடவில்லை, அழவில்லை. பின்சீட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் விரதம் முடித்துப் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். வண்டி முழுக்கப் புளியோதரை வாசனை. நான் என் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஆனால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். சன்னதியில் எனக்குக் கொடுத்த விபூதியைப் பூசிக்கொள்ளாமல், ஒரு காகிதத்தில் மடித்துக் கைக்குள் வைத்திருந்தேன். அவள் இறங்கும்போது கொடுத்துவிடுவது என்று முடிவு. அவள் அண்ணியின் வயிற்றில் பூச இதுவாவது இருக்கட்டும். வழியெல்லாம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் பஸ் நின்றது. நான் ஜன்னலோரம், எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் மாமியார். அண்ணன் முன்னால் இறங்க, அவள் பின்னால் வந்தாள். எங்கள் சீட்டருகே வந்ததும் நின்றாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மனசுல வச்சுக்காதீங்க. மூணு வருஷமா என் நெத்தியை யாரும் தொட்டதில்லை. உங்க கை நல்லா இருக்கணும்."

நான் கையை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் மாமியாருக்குக் குறுக்கே நீட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தைரியம் வரவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாள். உறையூரில் வீட்டு வாசலில் கையைத் திறந்து பார்த்தேன். வியர்வையில் காகிதம் நைந்து விபூதி கட்டியாகியிருந்தது.

என் மாமனார் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். 'மூணு தரிசனமும் முடிச்ச பலன்' என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அந்த அண்ணிக்குக் குழந்தை தங்கியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம் கூட்டத்தில் அரக்குச் சேலைகளின் முகத்தைத் தேடியிருக்கிறேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்திகளும் ஆகிவிட்டார்கள். கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் இவர்களுக்கு வேண்டிக்கொள்வதற்கு முன்னால் நான் கண்ணால் பாராத அந்தக் குழந்தைக்குத்தான் முதலில் வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவே பாலம் வந்துவிட்டது. பஸ் கண்மூடித் திறப்பதற்குள் ஆற்றைக் கடந்துவிடுகிறது. கூட இருப்பவர்கள் காவேரியைப் பார்த்துக் கும்பிடுவார்கள், நான் மடியில் கிடக்கும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அறியாமல் அந்தப் பொட்டை வைத்ததற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அந்தக் கை அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அவள் கண்ணெதிரே அந்தக் கையை நான் கழுவியதுதான் இன்னும் கழுவப்படாமல் கிடக்கிறது.