கிணற்றின் மேல் ஒரு கார் பார்க்கிங்

வீட்டை விற்பது என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், அதை யாரும் வாங்க முடியாதபடி ஆக்கியதுதான். அப்போது அது எனக்குத் தெரியாது. வீட்டின் மதிப்பைக் கூட்டுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

விற்க வேண்டிய காரணம் என் மனைவி. அவள் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாங்கள் இருப்பதோ ஆம்பூரில். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து பஸ் பிடித்து டியூட்டிக்குப் போவாள். பதினோரு வருடமாக இப்படித்தான். கணியம்பாடிப் பக்கம் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அங்கிருந்து மருத்துவமனைக்கு ஒரே பஸ். அந்த வீட்டுக்காரர் மூன்று மாதம் பொறுக்கிறேன் என்றார். அதற்குள் ஆம்பூர் வீட்டை விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு அதே ரயில்தான்.

நான் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். வருகிற தோலில் முள் கிழித்த கோடு இருக்கும், உண்ணி கடித்த தழும்பு இருக்கும். அதைத் தேய்த்து, கலர் அடித்து, பளபளப்பு ஏற்றி, குறை கண்ணில் படாமல் அனுப்புவது எங்கள் வேலை. இருபது வருடம் இதைச் செய்தவனுக்கு ஒரு வீடு எம்மாத்திரம் என்று நினைத்தேன். புரோக்கர் வேறு ஏற்றிவிட்டார். "எலிவேஷன்தான் சார் பேசும். உள்ள வர்றவன் வாயப் பொளக்கணும்" என்றார்.

வாயைப் பிளக்க வைப்பது என்று இறங்கினேன். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டேன். அதற்குள் பதிக்கும் விளக்கு வெள்ளையா மஞ்சளா என்று மூன்று நாள் யோசித்தேன். முன்சுவரில் கருங்கல் மாதிரியே தெரியும் டைல்ஸ் ஒட்டினேன். தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும், அதனால் யாரும் தட்டாதபடி முன்னால் பூந்தொட்டி வைத்தேன். சமையலறை அலமாரிகளுக்குக் கதவு வந்தது. கதவு வந்த பிறகு உள்ளே பாதிச் சாமான்தான் வைக்க முடிந்தது.

மிச்சம் இருந்தது பின்பக்கத்துக் கிணறு. எங்கள் தெருவில் எல்லாக் கிணறும் உப்பாகிப் பல வருடம் ஆகிறது. கழிவுநீர் இறங்கிய மண், வேறு எப்படி இருக்கும்? நான் கேன் தண்ணீர் குடிக்கிறவன். எங்கள் கிணற்றையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன். தொழிற்சாலையில் ஒரு தோலைக்கூடக் கையால் தடவாமல் பாஸ் பண்ண மாட்டேன். சொந்தக் கிணற்றிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. அவள் டியூட்டிக்குப் போயிருந்த ஒரு நாளில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி, மேலே கான்கிரீட் போட்டு, அடுத்த வாரமே பூப்போட்ட கல் பதித்தேன். கார் பார்க்கிங். எங்களிடம் கார் இல்லை.

கிணறு மூடிய அன்று அவள் வந்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதுலதான் பருப்பு வேக வெப்பேன்" என்றாள்.

"கெணத்துத் தண்ணியிலயா?"

"போர் தண்ணியில எங்க வேகுது? கெணத்துத் தண்ணி நல்லா இருந்துச்சு. பதினோரு வருஷமா சாம்பார் சாப்ட்டீங்களே, தெரியலியா?"

எனக்குத் தெரியவில்லை. சாம்பார் நன்றாக இருந்ததென்றால் அது சாம்பாரின் குணம் என்றுதான் எண்ணியிருந்தேன். இருந்தாலும் விடாமல், வீடு வாங்க வருகிறவன் கிணற்றையா பார்ப்பான் என்று அவளுக்கு விளக்கினேன்.

மூன்றாவது மாதம் வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் வந்தார். தோல் வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர். ஆம்பூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பக்கத்தில் வீடு தேடினார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். அன்று என் மனைவிக்கும் லீவு. விளக்குகளையெல்லாம் போட்டு வைத்திருந்தேன். பாய் மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தோல் வியாபாரி தோலைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அவரும் ஹாலைத் தாண்டி நேரே பின்பக்கம் போனார்.

"கெணறு எங்க தம்பி?"

"மூடிட்டேன் பாய். கார் பார்க்கிங்."

பாய் அந்தப் பூப்போட்ட கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தத் தெருவுல ஒரே ஒரு வூட்ல நல்ல தண்ணி கெணறு இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கோசரம்தான் வந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த அம்மா விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே ஒரு பிடி துவரம்பருப்பு. எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் கொண்டுபோவாராம். "போர் தண்ணியிலயே வெச்சுப் பாப்போம்" என்றார். என் புதுச் சமையலறையில் குக்கர் ஏறியது. நால்வரும் ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே உட்கார்ந்து விசிலை எண்ணினோம். ஏழு விசில். திறந்து பார்த்தால் பருப்பு கடையில் வாங்கியபடியே இருந்தது. அந்த அம்மா ஒரு பருப்பை விரலில் நசுக்கிப் பார்த்து, அது நசுங்காததால், என் மனைவியின் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"லைட்டெல்லாம் ஜோரா இருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டுப் பாய் கிளம்பினார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் அதற்கு டைல்ஸும் ஒட்டியிருந்தேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, மூன்று மாதத் தவணையும் முடிந்தது. கணியம்பாடி வீட்டுக்காரரை நேரில் பார்த்து முடியாது என்று சொல்ல, ஒரு காலை அவளோடு நானும் ரயில் ஏறினேன். அவள் போகிற ரயிலில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை.

பெட்டி நிறைந்திருந்தது. அவள் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தோளைச் சாய்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். குடியாத்தத்தில் ஒரு பெண் எழுந்து, "ஒக்காருங்க சிஸ்டர்" என்று இடம் கொடுத்தாள். இவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஏன், ஒக்காரேன்" என்றேன்.

"ஒக்காந்தா தூங்கிடுவேன். ரெண்டு தபா வாலாஜா வரைக்கும் போய்ட்டேன். நின்னுக்கினே தூங்கினா காட்பாடியில முழிப்பு வந்துடும்."

விளக்கு வெள்ளையா மஞ்சளா என்று மூன்று நாள் யோசித்தவன், இவள் உட்கார்ந்து போகிறாளா நின்று போகிறாளா என்று பதினோரு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் எனக்கு அந்த யோசனையே உதித்தது. உதித்ததும் என் அறிவை நானே மெச்சிக்கொண்டு அவள் காதருகே குனிந்தேன்.

"நம்ம வீட்ட வாடகைக்கு வுட்டுட்டு, வேலூர்ல ஒரு வாடகை வீடு பாத்துக்கலாமா?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நான் வேலைக்குச் சேந்த வருஷமே இதத்தான் சொன்னேன். வாடகைக்கு வர்றவங்க ஆணி அடிச்சு செவுத்த பாழாக்கிடுவாங்க, வீட்டோட வேல்யூ போய்டும்னு சொன்னீங்க" என்றாள். காட்பாடி வர இன்னும் நேரம் இருந்ததால், திரும்பக் கண்ணை மூடிக்கொண்டாள்.