விருத்தாசலத்தில் நனைந்த சம்மனசுகள்

2008 மார்ச், ஈஸ்டருக்கு முந்தைய வாரம் விருத்தாசலம் போனேன். மாறிவரும் பருவத்துக்கு நம் நாடு எப்படித் தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்து இந்த வலைப்பூவில் எழுதிவருகிறேன். வயல், ஏரி எல்லாம் எழுதியாயிற்று. வெயிலை நம்பிய தொழில் ஒன்றைப் பார்க்கலாமே என்றுதான் பீங்கான் ஊருக்கு ரயில் ஏறினேன். எழும்பூரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பட்டறைகளுக்கு ஆட்டோ முப்பது ரூபாய். (நாற்பது கேட்பார்கள். சிரித்தால் குறைப்பார்கள்.)

ஆரோக்கியமேரியும் அவர் கணவர் சவரிமுத்துவும் நடத்தும் சின்னப் பட்டறை அது. கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கிறார்கள். அன்று பலகை பலகையாக இருந்தவை சம்மனசுகள், அதாவது சிறகு வைத்த தேவதூதர்கள். ஈஸ்டர் முடிந்ததும் புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு மாதா கோயிலில் கொடுப்பதற்காகச் செய்தவை. சூளை பல பட்டறைகளுக்குப் பொது. மறுநாள் இவர்கள் முறை. அது தவறினால், அடுத்த முறை வருவதற்குள் விசேஷம் முடிந்துவிடும்.

பொம்மைகள் கொட்டகைக்குள் மின்விசிறிக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தன. காலம் தவறிய மழை ஒருமுறை எல்லாவற்றையும் கரைத்துவிட்டதிலிருந்து இப்படித்தானாம். நான் தேடி வந்த விஷயமே அதுதான். ஆனால் அந்த இருட்டில் படம் சரியாக விழவில்லை.

"கொஞ்ச நேரம் வெளியே வைக்கலாமா?" என்றேன்.

"வேணாங்க மேடம். இன்னும் சுடாத மண்ணு. தூறல் பட்டாலே கூழாயிடும்" என்றார் மேரி.

"பங்குனியில் மழையா?" என்று சிரித்தேன்.

சவரிமுத்து என் பக்கம் சேர்ந்துகொண்டார். "படத்த கம்ப்யூட்டர்ல போட்டா ஆர்டர் வரும்ல. இவ இப்பிடித்தாங்க மேடம், கல்யாணத்தன்னிக்கே மழைக்குப் பயந்து கொடையோட வந்தவ."

"அந்தக் கொடையிலதான நீங்களும் நின்னீங்க?" மேரி சிரித்துக்கொண்டே ஒரு பலகையைத் தூக்கினார்.

பாதியை வெளியே அடுக்கினோம். "நீங்கள் வேலையைப் பாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். இருவரும் உள்ளே போனார்கள்.

கொஞ்ச நேரம் அரை மணி ஆயிற்று. மழை ஒரே வீச்சில் இறங்கியது. அவர்கள் பலகைகளை நோக்கி ஓடிவந்தார்கள். நான் கேமராவை முந்தானையில் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினேன். அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேரி முழுக்க நனைந்து நின்றார். கையிலிருந்த பலகையில் ஒரு சிறகுகூட மிஞ்சவில்லை.

பணம் தருகிறேன் என்றேன்.

"காச வச்சு நாளைக்குள்ள காய வைக்க முடியுமாங்க?"

உள்ளே இருக்கும் பாதியையாவது சுடலாமே என்றேன்.

"பாதிப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டு, மீதிய வெறுங்கையோட வூட்டுக்குப் போவச் சொல்றதா? பங்குச் சாமியார்கிட்ட இல்லன்னே சொல்லிடறேன்."

சூளையில் தங்கள் இடத்தைப் பக்கத்துப் பட்டறைக்கு விட்டுக்கொடுக்கச் சவரிமுத்து போனார். மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. மேரி தலையைக்கூடத் துவட்டாமல் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் போங்கள். ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது, சுமார் இருபது கிலோமீட்டர். நான் போகவில்லை, போகும் மனநிலையில் இல்லை. பட்டறைகளில் பொருள்களை அவை இருக்கும் இடத்திலேயே பாருங்கள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கின்றன. வரிசையாகச் சம்மனசுகள், பின்னால் கருத்துத் திரண்ட மேகம். அது தற்செயலாக விழுந்ததில்லை. வெளிறிய பொம்மைகள் எடுப்பாகத் தெரியட்டும் என்று நான்தான் மண்டியிட்டு, மேகம் வரும்படி மாற்றி மாற்றி எடுத்தேன்.

அதனால்தான் இந்தப் பதிவில் படம் இல்லை.